மேற்கையிலேயே பிரிந்துவிடும் ரேடியல் தமனி: எவ்வளவு சகஜம், யாருக்குத் தொந்தரவு?

அகிலா_முதலாண்டு:
எல்லோருக்கும் வணக்கம். உடற்கூறு வகுப்பில் எங்கள் மேசையில் வலது மேற்கையைத் திறந்தபோது ஒரு குழப்பம். அக்குளைத் தாண்டிச் சற்றுக் கீழே வந்ததுமே மேற்கையின் முக்கியத் தமனியான பிராக்கியல் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு கிளை மீடியன் நரம்புக்கு முன்னால், தோலுக்குக் கிட்டத்தில் ஓடி, முழங்கை மடிப்பைத் தாண்டி, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கத்து ரேடியல் தமனியாகவே போய்ச் சேர்கிறது. இன்னொன்று நரம்புக்குப் பின்னால் வழக்கமான பாதையில் வந்து, முன்கையில் சுண்டுவிரல் பக்கத்து அல்னார் தமனியையும், இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஓடும் இன்டராசியஸ் கிளைகளையும் கொடுக்கிறது. ஆரை எலும்பின் கழுத்து மட்டத்தில்தான் பிரியும் என்று புத்தகம் சொல்கிறது. இடது கையோ புத்தகத்தில் உள்ளபடியே இருந்தது. இதற்கு என்ன பெயர்? அபூர்வமா? உயிரோடு இருக்கும் ஒருவருக்கு இதனால் ஏதாவது ஆகுமா?

பழைய_ஸ்கால்பெல்:
அகிலா, அபூர்வமே இல்லை. பிராக்கியோரேடியல் தமனி என்பார்கள். பழைய புத்தகங்களில் 'ரேடியல் தமனியின் உயர் தோற்றம்' என்று இருக்கும். கையின் பெரிய தமனிகளில் காணும் மாறுபாடுகளில் இதுதான் முதலிடம். 1953-இல் மெக்கார்மாக் குழு 750 கைகளை அறுத்துப் பார்த்து வெளியிட்ட கணக்கில் இது ஏறக்குறைய 14 விழுக்காடு. அதாவது ஏழு கையில் ஒன்று. பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், ஆகவே உங்கள் இடது கை ஒழுங்காக இருந்ததில் வியப்பில்லை.

உங்கள் விவரிப்பில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. முழங்கை மடிப்பில் பைசெப்ஸ் தசையின் அகலமான நார்ப்பட்டை இருக்கிறதல்லவா, அதை ஓரமாக விலக்கி, இரண்டு தமனிகளுக்கும் நடுவே குறுக்கே ஓடும் இணைப்புக் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். சிலரில் மயிர்போல இருக்கும். சிலரில் ரேடியலுக்கு வரும் ரத்தத்தில் பெரும்பங்கு அதன் வழியாகத்தான் வரும், மேலே இருந்து வரும் கிளை பெயருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். கொழுப்பைச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பினால் முதலில் அறுந்துபோவது அதுதான்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், கருவில் கைமொட்டு வளரும்போது முதலில் இருப்பது ஒழுங்கான குழாய் அல்ல, நுண்குழாய் வலை. ஏறக்குறைய நான்காம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை, தோளிலிருந்து விரலை நோக்கி, அந்த வலையில் சில பாதைகள் பெருத்துத் தமனியாகின்றன, மற்றவை மறைகின்றன. எது நிற்கும், எது மறையும் என்பதில் சிறிய வேறுபாடு நேர்ந்தால் உங்கள் மேசையில் கண்டது கிடைக்கும். ஒரு நடுத்தண்டிலிருந்து கிளைகள் ஒவ்வொன்றாக முளைக்கின்றன என்ற பழைய விளக்கத்தைப் பல பாடநூல்கள் இன்னும் விடவில்லை. அந்தக் கணக்குப்படி பார்த்தால் இத்தனை வகை மாறுபாடுகளையும் விளக்குவது சிரமம். 2001-இல் மனிதக் கருக்களை வரிசையாக ஆராய்ந்து வந்த ஸ்பானிய ஆய்வுக்குப் பிறகு வலை விளக்கம்தான் எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது.

வயர்மேன்:
கேத் லேபில், அதாவது கதீட்டர் என்ற மெல்லிய குழாயைத் தமனி வழியே இதயம்வரை செலுத்தும் இடத்தில், வேலை. சார் சொன்ன 14 விழுக்காடு அறுத்துப் பார்த்த கணக்கு. எங்கள் பக்கம் எண் பாதிதான். 2009-இல் வந்த ஓர் ஆய்வில் 1540 பேருக்கு மணிக்கட்டு வழியாகக் கதீட்டர் போடும்போது கையையும் படம் எடுத்துப் பார்த்தார்கள். உயரத்தில் பிரிவது 7 விழுக்காடு. மற்றதையும் சேர்த்தால் ஏதோ ஒரு மாறுபாடு உள்ளவர்கள் 13.8 விழுக்காடு.

அகிலாவின் மூன்றாவது கேள்விக்கு என் பதில்: உயரத்தில் பிரிந்த ரேடியல் எங்களுக்குப் பெரிய எதிரி இல்லை. தமனி அக்குள்வரை மெலிதாகவே போகும், கதீட்டரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், நோயாளி கை வலிக்கிறது என்பார். சின்ன கதீட்டர், கொஞ்சம் மருந்து, கொஞ்சம் பொறுமை இருந்தால் போய்விடலாம். அந்த ஆய்விலேயே இந்த வகையில் தோல்வி 5 விழுக்காட்டுக்கும் கீழே.

எதிரி என்றால் வளையம். ரேடியல் தமனி முழங்கைக்குக் கீழே ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் பிராக்கியலில் சேரும். 2.3 விழுக்காடு பேருக்குத்தான் இருந்தது, ஆனால் அவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் மணிக்கட்டு வழி கைவிடப்பட்டது. இதில் ஒரு பொறி இருக்கிறது. வளையத்தின் உச்சியிலிருந்து ஒரு மெல்லிய கிளை நேராக மேலே கிளம்பும். கதீட்டருக்கு வழிகாட்டும் வயர் வளைந்து சுற்றுவதை விட்டுவிட்டு நேர்வழியில் அந்தக் கிளைக்குள் ஜம்மென்று போய்விடும். திரையில் பார்த்தால் தோள் பக்கமாக நேராகப் போவதுபோலவே இருக்கும். அதை நம்பிக் கதீட்டரைத் தள்ளினால் கிளை கிழியும், ரத்தம் தசைக்குள் கசியும், முன்கை கல்லாக இறுகும். கவனிக்காமல் விட்டால் தசையுறையைக் கிழித்து அழுத்தத்தைக் குறைக்க அறுவை சிகிச்சைவரை போகும். அதனால் எதிர்ப்பு லேசாகத் தட்டினாலும் சரி, எதிர்ப்பே இல்லாமல் நோயாளிக்கு மேற்கையில் வலி வந்தாலும் சரி, நிறுத்திவிட்டு இரண்டு மி.லி. சாயம் விட்டுப் பார்ப்பதுதான் எங்கள் பழக்கம். அந்தப் படம் எடுக்க அரை நிமிடம் ஆகாது. வளையம் தெரிந்தால் 0.014 அங்குல வயரால் பொறுமையாகச் சுற்றி வரலாம், முடியாவிட்டால் வேறு வழி பார்க்கலாம்.

பழைய_ஸ்கால்பெல்:
> எங்கள் பக்கம் எண் பாதிதான்

அதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் மணிக்கட்டில் நுழைந்து முழங்கைவரை சாயம் விடுகிறீர்கள். அக்குளுக்குப் பக்கத்தில் பிரிந்தது பல சமயம் படத்திலேயே விழாது. குறுக்கு இணைப்பு பெரிதாக இருந்தால் வயர் அதன் வழியே பிராக்கியலுக்குள் போய்விடும், எல்லாம் இயல்பு என்று குறிப்பில் எழுதிவிடுவீர்கள்.

வயர்மேன்:
ஒப்புக்கொள்கிறேன் சார். ஆனால் சிக்கல் தராததை நாங்கள் எண்ணாமல் விட்டால் யாருக்கு நஷ்டம்?

வார்டு_அக்கா:
நஷ்டம் எங்களுக்குத்தான் தம்பி. நீங்கள் இருவரும் ரேடியலையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஊசி போடும் எங்களுக்குப் பயம் அல்னார் பக்கம். சிலருக்கு அல்னார் தமனி முன்கைத் தசைகளுக்கு அடியில் போகாமல் அவற்றின் மேலேயே, தோலுக்குக் கீழே ஓடும். முழங்கை மடிப்பில் பார்த்தால் நல்ல தடித்த வெய்ன் (சிரை) மாதிரியே இருக்கும். அவசரத்தில் அதைத்தான் கை தேடிப் போகும்.

எல்லோரும் செய்வது முதலில் கையை இறுக்கும் பட்டையான டூர்னிக்கெட் கட்டுவது. இறுக்கிக் கட்டிவிட்டால் தமனியில் துடிப்பும் அடங்கிவிடலாம், பிறகு தொட்டுப் பார்த்து என்ன பயன்? கட்டுவதற்கு முன்னால் இரண்டு விரலை வைத்துத் துடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் வார்டில் புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பேன்.

தப்பித் தமனிக்குள் போய்விட்டால் தெரியும். ரத்தம் பளிச்சென்ற சிவப்பாக வரும், டிரிப் குழாயில் ரத்தம் பின்னோக்கி ஏறும், துடிக்கும். மருந்து போன உடனே விரல் நுனிவரை தீப்பிடித்தது போல எரிகிறது என்பார்கள், கை வெளுக்கும். ரத்தஅழுத்தம் மிகக் குறைந்தவர்களில் இந்த அடையாளங்கள் எல்லாம் மங்கிவிடும், அங்கேதான் ஏமாறுவோம். அப்படி ஆனால் மருந்தை நிறுத்த வேண்டும், ஆனால் ஊசிக்குழாயைப் பிடுங்கக் கூடாது. பதைப்பில் எல்லோரும் பிடுங்கத்தான் பார்ப்பார்கள். உள்ளே மருந்து செலுத்த, படம் எடுக்க, அதே வழி தேவைப்படும். டாக்டரைக் கூப்பிட்டுவிட்டுக் கையைத் தொங்கவிடாமல் சற்று உயர்த்தி வைக்க வேண்டும்.

பிளாஸ்டிக்_தையல்:
அக்கா சொன்னதற்கு ஒரு துணைச் செய்தி. மயக்க மருந்தான தயோபென்டோன், வாந்திக்குக் கொடுக்கும் ப்ரோமெத்தசின் இரண்டும் தமனிக்குள் போனால் விரல் அழுகும் அளவுக்குப் போகும். ப்ரோமெத்தசின் ஊசியால் கையை இழந்த வழக்கு ஒன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய் 2009-இல் மருந்து நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பானது. அதே ஆண்டு அந்த மருந்தின் அட்டையில் கட்டம் போட்ட எச்சரிக்கையும் வந்தது. அந்த வழக்கு மாறுபட்ட தமனியைப் பற்றியது அல்ல, ஆனால் மருந்து தமனிக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இன்னொன்று. முழங்கை மடிப்பில் சிரைக்கும் தமனிக்கும் நடுவே பைசெப்ஸின் அந்த நார்ப்பட்டைதான் காவல். ரத்தம் வடித்துச் சிகிச்சை செய்த காலத்து ஐரோப்பிய வைத்தியர்கள் அதற்குக் கடவுளின் அருள் என்றே பெயர் வைத்திருந்தார்கள். மேலோட்டமான அல்னார் சிலரில் அந்தப் பட்டைக்கும் மேலே ஓடும். அங்கே காவல் கிடையாது.

அகிலா_முதலாண்டு:
நன்றி சார், நன்றி அக்கா. குறுக்கு இணைப்பு இருந்தது, ஏறக்குறைய ஒரு நூல் தடிமன். நல்லவேளை அறுக்கவில்லை. பிளாஸ்டிக் சர்ஜரி அண்ணா, உங்கள் துறையில் இது எங்கே வரும்?

பிளாஸ்டிக்_தையல்:
நாக்கு, வாய்ப் புற்றுநோயை வெட்டியெடுத்த இடத்தை மூட முன்கைத் தோலை ரேடியல் தமனியோடு சேர்த்து எடுத்துப் பொருத்துவோம்; அந்தத் தோல் துண்டைத்தான் மடிப்பு (flap) என்போம். யாங் குவோஃபானும் சக மருத்துவர்களும் 1981-இல் வெளியிட்ட முறை, அதனால் சீன மடிப்பு என்றும் சொல்வார்கள். தோல் மெலிது, தமனி நீளம், மடிப்புக்கு மடிப்பாக வளையும். நாக்கு செய்ய இதைவிட நல்ல துணி கிடைக்காது.

ரேடியலை முழுதாக எடுத்துவிட்டால் கைக்கு மிஞ்சுவது அல்னார். அது தசைக்கு அடியில் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் தோலை உள்பக்கத்திலிருந்து தூக்க ஆரம்பிக்கிறோம். அல்னார் மேலோட்டமாக ஓடும் கையில் அது நாம் தூக்கும் தளத்திலேயே கிடக்கும். சிரை என்று நினைத்துக் கட்டி அறுத்துவிட்டு, பிறகு ரேடியலையும் எடுத்தால் கைக்கு ரத்தமே இல்லை. ஆகவே உள்பக்கம் முதல் கீறலில் தடித்த குழாய் எது வந்தாலும் கட்டுவதற்கு முன் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். துடித்தால் அதைத் தோலோடு தூக்காமல் கீழேயே விட்டு, மடிப்பைக் குறுக்கிக்கொள்ளலாம். முன்கூட்டியே தெரிந்தால் அந்த அல்னாரையே தண்டாக வைத்து மடிப்பை எடுத்தவர்களும் உண்டு. அப்போது அதே மாறுபாடு வசதியாகிவிடும்.

உள்ளங்கையில் ரேடியலையும் அல்னாரையும் இணைக்கும் தமனி வளைவையும் பார்க்க வேண்டும். 1961-இல் கோல்மேனும் ஆன்சனும் 650 கைகளைப் பார்த்தார்கள். மேல் வளைவு முழுமையாக இருந்தது 78.5 விழுக்காட்டில்தான். ஆழத்தில் உள்ள வளைவு கிட்டத்தட்ட எல்லோருக்கும் முழுமை, அதனால்தான் பெரும்பாலோர் தப்பிக்கிறார்கள். ஆனாலும் மணிக்கட்டில் இரண்டு தமனிகளையும் அழுத்தி, அல்னாரை மட்டும் விட்டு, கை சிவக்கிறதா என்று பார்க்கும் ஆலன் சோதனை செய்யாமல் நான் ரேடியலை எடுக்க மாட்டேன்.

வயர்மேன்:
ஆலன் சோதனையா! நாங்கள் அதை எப்போதோ மூட்டை கட்டிவிட்டோம். 1929-இல் எட்கர் ஆலன் அதைச் சொன்னது, கைகால் தமனிகள் அழற்சியால் அடைபடும் பர்ஜர் நோயில் அடைபட்ட தமனியைக் கண்டுபிடிக்க. கதீட்டர் போடலாமா என்று பார்க்க அல்ல. ஒருவர் கையை அதிகம் விரித்துவிட்டால் அல்லது வெளிச்சம் சரியில்லை என்றால் முடிவு மாறும். 2014-இல் வந்த ஆய்வில் சோதனையில் தோற்றவர்களுக்கும் மணிக்கட்டு வழி சிகிச்சை செய்து பார்த்தார்கள், கை ரத்த ஓட்டத்தில் கவலைப்படும்படி எதுவும் ஆகவில்லை.

பிளாஸ்டிக்_தையல்:
ஊசி போடுவதும் தமனியையே பிடுங்கி எடுப்பதும் ஒன்றா வயர்மேன்? நீங்கள் ஒரு துளை போடுகிறீர்கள், அடைந்தால்கூட மேலும் கீழும் கிளைகள் இருக்கும், சில நாளில் திறந்தாலும் திறக்கும். நான் இருபது செ.மீ. குழாயை எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன். இதய பைபாஸுக்கு ரேடியலை எடுப்பவர்களும் அப்படித்தான். உங்கள் ஆய்வை என் நோயாளிக்குப் பொருத்த முடியாது.

ஃபிஸ்டுலா_சர்ஜன்:
இருவரும் சரி, கேள்விகள்தான் வேறு. கண்ணால் பார்க்கும் ஆலன் சோதனை ஆளுக்கு ஆள் மாறும் என்பதில் வயர்மேனோடு நான். அதற்குப் பதில் கட்டைவிரலில் ஆக்சிமீட்டர் மாட்டி, ரேடியலை அழுத்திவிட்டு அலையைப் பார்க்கும் பார்போ முறை 2004-லிருந்து இருக்கிறது. அலை படிந்தே கிடந்து இரண்டு நிமிடத்திலும் எழவில்லை என்றால் அந்தக் கையிலிருந்து தமனியை எடுக்கக் கூடாது. ஆனால் இந்தச் சோதனைகள் எதுவும் அல்னார் எந்தத் தளத்தில் ஓடுகிறது என்று சொல்லாது. மேலோட்டமான அல்னாரும் அலையை அழகாக எழுப்பும். கத்தி படும் இடத்தில் என்ன கிடக்கிறது என்று தெரிய அல்ட்ராசவுண்ட்தான் வேண்டும்.

சும்மா_படிப்பவன்:
மருத்துவம் தெரியாதவன். எனக்கு டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா போடச் சொல்லியிருக்கிறார்கள். இதையெல்லாம் படித்துவிட்டு மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தேன், வழக்கமான இடத்தில் நாடி லேசாகத்தான் தெரிகிறது, கட்டைவிரலின் பின்பக்கம் தோலுக்குக் கீழே நன்றாகத் துடிக்கிறது. எனக்கும் இந்த மாறுபாடா? பயப்பட வேண்டுமா மேடம்?

ஃபிஸ்டுலா_சர்ஜன்:
பயப்பட ஒன்றுமில்லை ஐயா, ஆனால் கவனித்தது நல்லது. ரேடியல் தமனி மணிக்கட்டுக்கு வரும் முன்பே பின்பக்கம் திரும்பி, கட்டைவிரல் தசைநாண்களுக்கு மேலாக ஓடுவது சிலரில் உண்டு. பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது, ஏனென்றால் எல்லோருக்குமே அந்தக் குழியில் ரேடியல் துடிக்கும், தோல் மெலிந்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். அந்த இடத்தில்தான் ரத்தம் எடுக்க நல்ல சிரையும் இருக்கிறது. அடுத்த முறை அங்கே ஊசி போட வருபவரிடம் 'இங்கே துடிக்கிறது, தொட்டுப் பாருங்கள்' என்று சொல்லிவிடுங்கள்.

ஃபிஸ்டுலா என்பது தமனியைச் சிரையோடு தைப்பது. மணிக்கட்டில் ரேடியலோடு தைக்கும் முறை 1966-இல் வந்தது, இன்றும் முதல் தேர்வு அதுதான். அதற்கு முன் இரண்டு கையையும் அல்ட்ராசவுண்டில் பார்ப்போம். தமனி உள்விட்டம் 2 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் பொதுவாக அங்கே தைப்பதில்லை. அந்த ஸ்கேனில் நீங்கள் சொன்னதும் தெரிந்துவிடும்.

உயரத்தில் பிரிந்த கை எங்களைப் படுத்துவது முழங்கையில். மடிப்பில் கீறினால் முதலில் கையில் சிக்குவது மேலே ஓடும் மெல்லிய கிளை. பிராக்கியல் கிடைத்துவிட்டது என்று அதில் தைத்தால் எதிர்பார்த்த ஓட்டம் வராது, சிரை பெருக்காமல் வாரக்கணக்கில் காத்திருந்து ஏமாற வேண்டும். நான் பார்ப்பது இரண்டு. ஸ்கேன் முனையை மேற்கையின் நடுவில் குறுக்கே வைத்தால் ஒரு தமனி வட்டம், பக்கத்தில் இரண்டு துணைச் சிரைகள் என்றுதான் இருக்க வேண்டும். லேசாக அழுத்தினால் சிரைகள் நசுங்கிவிடும். நசுங்காமல் துடிக்கும் வட்டம் இரண்டு இருந்தால் விஷயம் அதுதான். அப்புறம் திறந்த பிறகு, கிடைத்த குழாயை மெல்லப் பிடித்து நிறுத்தி, மணிக்கட்டில் எந்த நாடி போகிறது, எது நிற்கிறது என்று பார்ப்பேன். இரண்டுமே நின்றால் அது பிராக்கியல். ஒன்று மட்டும் நின்றால் நாம் தொட்டது கிளை, இன்னும் ஆழத்தில் தேட வேண்டும். பெரிய கிளையில் தைத்தாலும் இன்னொரு தமனி விரல்களுக்குத் தனியாக ஊட்டிக்கொண்டிருப்பதால், கைக்குப் போக வேண்டிய ரத்தத்தை ஃபிஸ்டுலா திருடுவது குறைவு என்ற ஒரு லாபமும் உண்டு.

அகிலா_முதலாண்டு:
அடிபட்டு வருபவர்களில்? மணிக்கட்டில் நாடி இருந்தால் தமனி பிழைத்தது என்றுதானே படிக்கிறோம்.

ஃபிஸ்டுலா_சர்ஜன்:
அங்கேயும் கால் வாரும். குழந்தைகளுக்கு முழங்கைக்கு மேலே எலும்பு முறியும்போது மேல்துண்டின் கூர்முனை முன்பக்கம் வந்து பிராக்கியலைக் குத்தும், மடக்கும். உயரத்தில் பிரிந்த கையில் ஆழத்தில் ஓடும் தமனி சிக்கிக்கொள்ள, மேலே ஓடும் ரேடியல் தப்பித்து மணிக்கட்டில் ஜோராகத் துடிக்கலாம். நாடி கிடைத்தது என்று திருப்தியாகக் கட்டுப் போட்டு அனுப்பிவிடுவோம். முன்கைத் தசைக்கு ஊட்டும் இன்டராசியஸ் கிளைகள் அந்த ஆழத்துத் தமனியிலிருந்துதானே வருகின்றன? ரத்தம் கிடைக்காமல் முன்கைத் தசை சுருங்கிப்போவதாக 1881-இல் ஃபோல்க்மன் எழுதிய அந்தத் தசைச் சுருக்கம் இப்படியும் வரலாம். ஆகவே விரலை நீட்டினால் குழந்தை துடிக்கிறதா, வலிமருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போகிறதா என்பதைத்தான் நாடியைவிட நம்புவேன். அல்னார் நாடியையும் தொட்டுப் பார்க்க வேண்டும், அதை யாரும் தொடுவதே இல்லை.

வார்டு_அக்கா:
உண்மை மேடம். குறிப்புச் சீட்டில் அல்னார் நாடி என்ற வார்த்தையையே நான் பார்த்ததில்லை.

அகிலா_முதலாண்டு:
கடைசியாக ஒன்று. பக்கத்து மேசையில் மீடியன் நரம்போடு ஒட்டிக்கொண்டு ஒரு தமனி உள்ளங்கைவரை போகிறது. மனித இனம் பரிணமிக்கிறது, எல்லோருக்கும் மூன்றாவது தமனி வரப்போகிறது என்று ஒரு செய்தி படித்தேன். அதுதானா இது?

பழைய_ஸ்கால்பெல்:
அதுதான், நிலைத்துவிட்ட மீடியன் தமனி. கருவில் முன்கைக்கு ஊட்டும் முக்கியக் குழாய்களில் ஒன்று. ரேடியலும் அல்னாரும் பெருத்ததும், ஏறக்குறைய எட்டாம் வாரத்தில், சுருங்கிவிட வேண்டியது. 2020-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சொன்ன கணக்கு: 1880-களின் நடுவில் பிறந்தவர்களில் 10 விழுக்காடு, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் 30 விழுக்காடு. பழைய ஆய்வுகளையும் புதிய உடல்களையும் ஒட்டிச் செய்த கணக்கு இது, எந்தத் தடிமனை 'இருக்கிறது' என்று எண்ணுவது என்பதில் ஆளுக்கு ஒரு அளவுகோல். எண்ணிக்கை கூடுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. எல்லோருக்கும் வரப்போகிறது என்ற தலைப்பு பத்திரிகைக்காரர்களின் உற்சாகம்.

உங்களுக்குத் தேவையானது மணிக்கட்டுப் பகுதி. மீடியன் நரம்பு ஏற்கெனவே இடுக்கமான வழியில் போகிறது, அதே வழியில் ஒரு தமனியும் சேர்ந்தால் நெருக்கம். அந்தத் தமனி திடீரென்று அடைத்துக்கொண்டால் நேற்றுவரை நன்றாக இருந்தவருக்கு ஒரே நாளில் விரல் மரத்து வலி வரும். பல சமயம் நரம்பே இரண்டாகப் பிரிந்து, நடுவில் தமனி ஓடும்.

பிளாஸ்டிக்_தையல்:
சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டு மணிக்கட்டுப் பட்டையை வெட்டுபவர்களுக்கு அது பெரிய தலைவலி. திறந்து செய்தால் கண்ணில் படும். துடிக்கிற தமனி என்றால் அதைக் கட்டுவதற்கு முன் கிளாம்ப் போட்டு, டூர்னிக்கெட்டை இறக்கி, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சிவக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்த விரல்களுக்கு அது மட்டுமே ஊட்டும் கைகள் உண்டு.

சும்மா_படிப்பவன்:
ஸ்கேனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். இடது கை மட்டும் எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் கேட்கட்டுமா?

ஃபிஸ்டுலா_சர்ஜன்:
கேளுங்கள். இரண்டு கையும், மேற்கையிலிருந்து மணிக்கட்டுவரை. 'தமனி எங்கே பிரிகிறது என்று அறிக்கையில் எழுதுங்கள்' என்றும் சொல்லுங்கள், பலர் விட்டம் மட்டும் குறித்துவிட்டு விட்டுவிடுவார்கள். அதுவரை ரத்தம் எடுக்கவோ டிரிப் போடவோ முன்கைச் சிரைகளைத் தொட விடாதீர்கள், புறங்கையில் எடுக்கச் சொல்லுங்கள்.